பெற்ற பிள்ளையின் எச்சில்

"இவ என் வயித்துல பொறந்தவ! என் புள்ள வாயில பஞ்சை விட்டு நோண்டுறதுக்கு நான் விடமாட்டேன்!"

லீலாதேவி கத்தியது பதுளைக் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். பத்தொன்பது வயதுத் தவமணி கதவோரம் நின்று, தன் பிறப்பைப் பற்றிய புதுச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் இதே வாய்தான் அவளைத் 'தோட்டக்காட்டு மூதேவி' என்று எழுப்பியிருந்தது.

வாசலுக்கு வெளியே, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், குடியிருக்கும் பூவம்மா நின்றாள். உள்ளே வரச்சொல்ல ஆளில்லை. 1991இல் 'படிக்க வைக்கிறோம்' என்று ஒரு தரகன் கூட்டிப்போன தன் ஐந்து வயது மகள் இவள்தான் என்று வழக்குப் போட்டிருந்தாள். தவமணி இந்த வீட்டில் படித்ததெல்லாம் சட்டி பானையின் அடிப்பக்கத்தை.

மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் அனுப்பிய டொக்டர் காமிலா, லீலாதேவியை விட்டுவிட்டுத் தவமணியைப் பார்த்தார்.

"கோர்ட்டு சொன்னாலும் ஒங்க விருப்பம் இல்லாம எடுக்கமாட்டேன். முடிவையும் மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுவேன். சம்மதமா?"

பதினான்கு வருடத்தில் அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. 'பாத்திரம் கழுவியாச்சா' என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது.

"சரிங்க."

"அப்ப வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க."

தவமணிக்கென்று ஒரு தகரக் குவளை கொல்லைப்புற ஆணியில் தொங்கியது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மேசையிலிருந்த வெள்ளித் தம்ளரை எடுத்து, நிதானமாக வாய் வைத்து உறிஞ்சி, முற்றத்தில் கொப்பளித்துத் துப்பினாள்.

"அடியே! அது நாங்க குடிக்கிற தம்ளருடி! லயத்து எச்சிய..."

நாக்கைக் கடிக்க லீலாதேவிக்கு நேரம் போதவில்லை.

காமிலா சிரிப்பை இருமலாக்கினார். "பெத்த புள்ள எச்சில்தானேம்மா?"

தவமணியின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் ஒத்தி எடுத்தார். பிறகு வாசலுக்கே போய்ப் பூவம்மாவிடமும் எடுத்தார். "முடிவு வர ஆறு கிழமை, ஒன்றரை மாசமாகும். அதுவரைக்கும் எங்க இருக்கிறதுங்கிறது தவமணியோட இஷ்டம்."

தவமணி தன் துணிப்பையோடு முன்வாசலால் இறங்கினாள்.

"நான் ஒங்க புள்ள இல்லன்னு வந்துட்டா?"

"வந்தா வரட்டும்," என்றாள் பூவம்மா எரிச்சலோடு. "வெரசா நட, பஸ் போயிரும். எங்க லயத்து வீட்டுல ஒரே கோப்பைதான். மாத்தி மாத்தித்தான் குடிக்கணும், சொல்லிட்டேன்."

தவமணி நின்று யோசித்தாள். திரும்பி உள்ளே போய், லீலாதேவியின் முன்னாலேயே வெள்ளித் தம்ளரை எடுத்தாள்.

"இனி நீங்க இதுல குடிக்கமாட்டீங்கதானேம்மா?"

சுத்த வெள்ளி. கல்யாணச் சீராக வந்தது. பிடுங்க லீலாதேவியின் கை பாய்ந்தது. விளிம்பில் எச்சில் இன்னும் காயவில்லை.

கை அப்படியே நின்றது. தம்ளர் மடுல்சீமைக்குப் போனது.