பூண்டு லாஞ்சு

மணிமேகலை இரண்டாவது கரண்டிக் கஞ்சியை ஊட்டப் போனபோது அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"சரக்கு ஏத்தியாச்சா தாயி?"

அவள் கை நின்றது. ஏரியில் அப்பா ஓட்டிய லாஞ்சு நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஏரியைச் சுற்றித் தார்ச்சாலை வந்ததும் அதை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதுவரை இந்தக் கரையில் விளைந்த பூண்டு மூட்டையெல்லாம் அப்பா தங்கமுத்துவின் லாஞ்சில் ஏறித்தான் அக்கரை லாரிக்குப் போனது. கொச்சியிலிருந்து துண்டு துண்டாக வந்து, ஏரிக்கரையில் வைத்துச் சேர்த்துப் பூட்டிய மோட்டார் படகு. மலையேறி வந்த கப்பலைப் பார்க்க மன்னவனூரிலிருந்துகூட ஆட்கள் நடந்து வந்தார்களாம். டீசலும் பூண்டும் கலந்து மணக்க அப்பா வீட்டுக்குள் நுழைவது அவளுக்கு நினைவிருந்தது.

"ஏத்தியாச்சுப்பா."

"தண்ணி எப்படிக் கெடக்கு?"

சன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி ஏரியே தெரியவில்லை. "காத்து இல்லப்பா. சும்மா கெடக்கு."

"சுப்புராசு வந்துட்டானா?"

இஞ்சின் பார்த்த சுப்புராஜ் இறந்து வெகுநாளாகிறது. "இஞ்சின்கிட்ட நிக்கிறாருப்பா."

அப்பாவுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. போர்வைக்குள் வலது கை எதையோ பிடித்து மெல்லத் திருப்பியது.

"உங்கம்மா ஏறிட்டாளா?"

மணிமேகலை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிவபாக்கியம் அந்த லாஞ்சில் ஒருநாளும் போனதில்லை. கல்யாணமான புதிதில் பலகையில் கால் வைத்தாள், அது ஆடியது, இறங்கிவிட்டாள். பிறகு சந்தைக்குக் கரையோரமாக நடந்தேதான் போவாள். அப்பா தண்ணீரிலிருந்து ஹாரன் அடிப்பார். அம்மா திரும்ப மாட்டாள். "வெரசா விடுங்கண்ணே" என்று மூட்டைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். லாஞ்சு அவள் நடைக்குத்தான் போகும்.

"அவ வராம எடுக்க மாட்டேன்," என்றார் அப்பா.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏறிட்டேன். எடுங்க."

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. "பயமா இருக்கா?"

"நீங்கதான ஓட்டுறீங்க."

சற்று நேரத்தில் போர்வைக்குள் கை ஓய்ந்தது. பிறகு மூச்சும்.

மணிமேகலை அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு, பக்கத்து வீட்டு ராக்காயி அத்தையை அழைத்துக்கொண்டு திரும்பினாள். அம்மா இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுத்து, கட்டில்மேல் மடக்கி வைத்து, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்க மதினி. கட்டில வெளிய எடுக்கணும்," என்றாள் ராக்காயி.

"இருடி," என்றாள் அம்மா. "சித்த நேரம் போகட்டும்."