முதல் பரிசுக் கதை

ராஜபாளையம் தாண்டி இருக்கிற அந்த நூல் மில்லில் கேமரா இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: பெண்கள் கழிப்பறை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கேட்டிலேயே போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு எட்டு மணி நேரமும் தலைக்கு மேலே கேமராதான். வீட்டுச் சண்டையைச் சொல்லி அழ, சூப்பர்வைசரை வாய் நிறையத் திட்ட, எல்லாவற்றுக்கும் அந்தக் கழிப்பறைதான் கதி. வெள்ளத்தாய்க்கும் அவள் கூட்டாளி மாரீஸ்வரிக்கும் அங்கே கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில்தான் உயிரே இருந்தது.

அதற்கும் வந்தது வினை. பெண்கள் உள்ளே போனால் வெளியே வருவதே இல்லை என்று மேனேஜர் ஹரிகிருஷ்ணன் மீட்டிங்கில் முகம் சுளித்தார். வெள்ளத்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதிப் பழகிய கை அது, சும்மா கிடக்குமா?

ஆயுத பூஜைக்கு மில்லில் கதைப்போட்டி உண்டு. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்துப் பொரி கொடுத்த கையோடு, ஜெயித்த கதையை மைக்கில் படிக்கச் சொல்வார்கள். வெள்ளத்தாய் 2090-இல் நடப்பதாக ஒன்று எழுதினாள். அந்த நாட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. கழிப்பறைக்குள் கால் வைத்ததும் அது நொடியை எண்ணும். மூன்று நிமிஷம் தாண்டினால் ஊரே கேட்கக் கத்தும்.

"வேலைக்கு உலை வச்சிராதட்டி," என்றாள் மாரீஸ்வரி.

"கேட்டாவது அவியளுக்கு மனசு கூசட்டும்," என்றாள் இவள்.

கூசுகிற மனசு இருந்தால் அந்த நாற்காலியில் உட்கார முடியுமா? பைத்தியக்காரிக்கு அது தெரியவில்லை.

முதல் பரிசே கிடைத்தது. படித்து முடித்தபோது பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்று கைதட்டினார். பரிசுக் குக்கரை அவள் கையில் கொடுத்து, "அருமையான கற்பனைம்மா. அந்தப் பேப்பர எங்கிட்டக் குடுத்துட்டுப் போ," என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி லீவு முடிந்து வந்தால், போனை வாங்கிய கையோடு ஆளுக்கொரு கறுப்புப் பட்டையை மாட்டினார்கள். மூன்று நிமிஷம். அந்த மூன்றைக்கூட மாற்றவில்லை, பாவிகள்.

அன்றைக்கே மாரீஸ்வரியின் கை கத்தியது. அவளுக்கு மாதவிடாய் நாள். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்க்க, தலை குனிந்து வெளியே வந்தாள். வெள்ளத்தாய்க்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கிசுகிசுத்தாள். "கதை முடிவுல அந்தப் பொம்பள சோப்பு நுரையப் போட்டுல்ல பட்டையக் கழத்துவா? நாமளும் பாப்போமே."

கை கழுவும் குழாயடியில் சோப்பு இல்லை. காலையிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டையும் விரல் நுழையாத இறுக்கம், அறுத்தால்தான் வரும். பார்த்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசர் ஞானதுரை சிரித்தான். "மேனேஜரு கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாரு தாயி."

வெள்ளத்தாய் உடைந்து அழுதாள். மாரீஸ்வரி அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"எல்லாத்தையும் எழுதுன, சரி. தப்பிக்கிற வழிய மட்டுமாவது உனக்குள்ளயே வச்சிருக்கக் கூடாதாட்டி?"