ரொட்டியின் மேல் கை

1

இந்தக் கதை எனக்கு மினிபஸ்ஸில் கிடைத்தது. எங்கள் ஊர் நாரினின் பஜாரில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஷைர்குல் எஜே. பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. பிள்ளைகளைக் கட்டுக்குள் வைப்பது அவர் பொறுப்பு. (எஜே என்றால் அக்கா. டீச்சர்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வாத்தியார் என்றால் அகாய்.) நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, இறங்கிப் போய்விட்டார். அது அவருடைய நிறுத்தம் இல்லை. அப்போது பிடித்த சந்தேகம் இன்னும் விடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆற்றில் பனி உடையத் தொடங்கிய அந்த மார்ச் மாதக் காலையில், ஷைர்குல்

வேண்டாம். வானிலையில் ஆரம்பிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

2

நடந்தது இதுதான். உடற்பயிற்சி ஆசிரியர் எர்கின்பெக் அகாய், ஒன்பதாம் வகுப்பு திலெக்கைக் கன்னத்தில் அறைந்தார். யாரோ அதைச் செல்போனில் பிடித்தார்கள். மாலைக்குள் வீடியோ பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்குள் செல்போனுக்குத் தடை. ஆகவே அறைந்தது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, படம் பிடித்தது யார் என்றுதான் கேட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்பது எங்கள் ஊரில் எப்போதும் இந்தத் திசையில்தான் நடக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் ஷைர்குல் எழுந்து பேசினாள்.

("அவர்" என்றே எழுதி வந்தேன். இந்த இடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. சந்தேகப்பட ஆரம்பித்த பிறகு மரியாதை இடைஞ்சலாக இருக்கிறது.)

"அடிக்கவே இல்லைங்க. தோளத் தொட்டு நகத்திவிட்டாரு, அவ்வளவுதான். வீடியோவுல ஏதோ வேலை பண்ணியிருக்காங்க."

அறை விழுந்தபோது அவள் ஜிம் வாசலில்தான் நின்றிருந்தாள். இதையும் அவளேதான் பஸ்ஸில் சொன்னாள், சில்லறையை எண்ணிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

3

மறுநாள் பள்ளி வாசலில் உள்ள தந்தூர் அடுப்புக் கடையில் வட்டரொட்டி ஒன்று வாங்கினாள். சூடு ஆறாத ரொட்டி.

"போலீஸ்ல பேரு ஏறும்னா சிரிக்கிறானுங்க," என்றாள் எர்கின்பெக்கிடம். "இத வச்சுப் பாருங்க. மூஞ்சி தானா மாறும்."

அதில் அவள் கணக்குத் தப்பாது. ரொட்டிமேல் கை வைத்துப் பொய் சொன்னால் ரொட்டியே அடிக்கும். நம்பிக்கை இல்லாதவன்கூட இங்கே கையை நீட்டுமுன் ஒரு கணம் யோசிப்பான். ஒன்பதாம் வகுப்பு வரிசையாக வந்தது. மேசைமேல் வெள்ளைத்துணி, அதன்மேல் ரொட்டி. ஒவ்வொருவரும் கை வைத்துச் சொல்ல வேண்டியது:

"நான் வீடியோ எடுக்கல. எடுத்திருந்தா ரொட்டி என்னை அடிக்கட்டும்."

ஒவ்வொரு முகமாக அவள் பார்த்தாள். வேர்க்கிறதா, இமை துடிக்கிறதா, குரல் இறங்குகிறதா. திலெக்கும் வைத்தான், கன்னத்தைத் தடவிக்கொண்டே. கடைசியில் பெகாயிம் வந்தாள். கைகள் ஜாக்கெட் பைக்குள் இருந்தன.

(பெகாயிமை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவளுக்கு நோயாளி அப்பா, முதல் மதிப்பெண், நீளமான ஜடை எல்லாம் கொடுத்திருந்தேன். இவ்வளவு நல்ல பெண் எந்த வகுப்பில் இருக்கிறாள்? எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இப்போது சுமாராகப் படிக்கிறவள். வாய்த்துடுக்கு. கழிப்பறையில் சிகரெட்டோடு மாட்டியவள்.)

"கைய வை."

"வைக்க மாட்டேன், எஜே."

"அப்போ நீதான்."

"நான்தான்னு நான் சொன்னேனா?"

"எடுக்காதவளுக்கு என்னடி பயம்?"

"எங்க வீட்டுல உண்மைக்குக்கூட ரொட்டி மேல சத்தியம் பண்ண விட மாட்டாங்க."

"ஆகா! பெரிய மகான்க வீடு!" வகுப்பு சிரித்தது. ஷைர்குலும் சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் வர்றாரு. உன் பேரு ஏறிடும். நர்ஸ் காலேஜுக்குப் போறேன்னு குதிச்சியே, அங்க ஒருத்தனும் உள்ள விடமாட்டான். தெரியுமில்ல?"

தெரியும். பெகாயிமின் உதடு உலர்ந்ததை ஷைர்குல் பார்த்தாள். மாட்டினாள் என்றே நினைத்தாள்.

4

"சரி எஜே," என்றாள் பெகாயிம். "நீங்க முதல்ல வைங்க."

"நான் எதுக்கு?"

"அகாய் திலெக்க அடிக்கலன்னு கூட்டத்துல சொன்னீங்கல்ல? அதையே இது மேல கை வச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா, நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துடறேன். எடுத்தேனா இல்லையாங்கறதெல்லாம் அப்புறம்."

 ஷைர்குல் வெள்ளைத்துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். இதை அவள் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன். கொஞ்சமாவது நேரம் கடத்தியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

5

முடிவு (அ): கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுக்கிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எனக்கு இதில் துளிகூட நம்பிக்கையில்லை. அன்று மத்தியானம் வந்து உட்காரப்போகும் இன்ஸ்பெக்டருக்கு இதில் ஒரு நாற்காலிகூட இல்லை.

முடிவு (ஆ): கையை வைக்கிறாள். தெளிவாக, தடுமாறாமல் சொல்கிறாள். ரொட்டி அவளை ஒன்றும் செய்வதில்லை. பெகாயிம் பேனாவை

இல்லை.

"கையத் தூக்கினேன்," என்பதுவரைதான் எனக்குச் சொன்னாள். அதன் பிறகுதான் டிரைவரைப் பார்த்து, "இங்கயே நிறுத்துங்க," என்றாள். எர்கின்பெக்கின் விசில் சத்தம் இப்போதும் தெருவரை கேட்கிறது. நர்ஸ் காலேஜ் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பெகாயிம் அங்கே சேர்ந்தாளா என்று போய் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை.

"ஷைர்குல் கையை வைத்திருக்க மாட்டாள்" என்று நினைக்கிறீர்கள்தானே? உங்களையும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் ஒருவன் அறை வாங்கியிருப்பான், வாசலில் ஒருவர் நின்றிருப்பார்.

அவள் கை ரொட்டிக்கு மேலே நிற்கிறது. இறக்குவதானால் நீங்களே இறக்குங்கள். ஆனால் பெகாயிமின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இறக்குங்கள். நான் மூன்று முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் பெகாயிம் என்னைப் பார்த்து, "நீங்க முதல்ல