ஆளுக்கொரு சாவி

அந்த வீட்டில் பூட்டு வாங்குவது சாவிக்காகத்தான். பீரோவோ, கிடங்கோ, மொட்டை மாடிக் கதவோ, எதுவானாலும் மாமியாரிடம் ஒரு சாவி, மூத்த மகனிடம் ஒன்று, இளைய மகனிடம் ஒன்று. பூட்டோடு இரண்டுதான் வரும் என்று கடைக்காரன் சொன்னால், மூன்றாவதை வெட்டிக் கொடுக்கும்வரை மாமியார் நகரமாட்டார். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் பூட்டே வேண்டாம் என்பார். பிள்ளைகளுக்குள் வேற்றுமை பார்க்காத தாய் என்று ஊரில் அவருக்குப் பெயர். கணவர் போன பிறகு பொத்தான், ஜிப், லேஸ், நூல்கண்டு மொத்த வியாபாரத்தை அவர் இந்தப் பெயரை வைத்துக்கொண்டே நடத்தி வந்தார்.

சின்ன மருமகள் கல்யாணத்துக்கு முன்பு ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவள். கடையின் விலைப்பட்டியலை கிளவுட் சர்வருக்கு ஏற்றியது அவள்தான். எங்கோ யாரோ வைத்திருக்கும் கணினியில் நமக்கென்று வாடகைக்கு எடுத்த அறை அது என்று வீட்டாருக்குச் சொல்லி வைத்திருந்தாள். வாடகை என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த அறைக்குள் இருந்ததுதான் கடையின் உயிர்நாடி. ஒரே பொத்தான், ஆனால் சட்டைக் கம்பெனிக்கு ஒரு விலை, பள்ளிச் சீருடை தைப்பவருக்கு ஒரு விலை, கறாராகப் பேசத் தெரியாதவருக்கு இன்னொரு விலை. இதெல்லாம் யாருக்கு எவ்வளவு என்பது வீட்டைத் தாண்டக் கூடாது.

அறைக்குப் பூட்டு வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் இரண்டு கோப்புகள் ஜோடியாகப் பிறக்கும். ஒன்றை சர்வரில் வைப்பார்கள், அது பூட்டு. மற்றது நம் கணினிக்குள்ளேயே கிடக்க வேண்டும், அது சாவி. ஆளுக்கொரு ஜோடி செய்தால் அவரவர் சாவி அவரவரிடம் இருக்கும் என்று அப்போதே அவள் எடுத்துச் சொன்னாள்.

"ஒரே வீட்டுக்கு எதுக்கும்மா நாலு தினுசு சாவி?" என்றார் மாமியார். "ஒண்ணு பண்ணு. எல்லாருக்கும் ஒரு நகல் கொடு."

வந்த புதிது. மருமகள் வாயை மூடிக்கொண்டு, மாமியார், இரண்டு மகன்கள், தான் என்று நால்வர் கணினியிலும் ஒரே சாவியைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் ஒரு பொத்தான் படம்; அதைத் தொட்டால் சாவி உள்ளே போய்த் திறந்து விலைப்பட்டியலைக் கொண்டுவந்து விரிக்கும். மாமியாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பழைய வாடிக்கையாளர் விலை கட்டாது என்று எதிரில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே அவருக்குப் போன வருஷம் என்ன விலை போட்டோம் என்று பார்த்துவிடலாம்.

இப்போது அந்த விலைகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. கடை ஒரு விலை சொன்னால், மறுநாளே யாரோ ஒரு தரகர் அதைவிட மயிரிழை குறைத்துச் சொன்னார். ஒரு தடவை என்றால் தற்செயல். ஆனால் சட்டைக் கம்பெனியும் போயிற்று, சீருடைக்காரரும் போனார். தரகர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே டீ சொன்னார்.

கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் எல்லோரும் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அங்கே மூத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் உள்ள என்ன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சவங்க இந்த வீட்டுல ஒரே ஆளு. நான் யாரையும் சொல்லலை."

"சொல்லிட்டு சொல்லலைங்கறீங்களே அத்தான்" என்றாள் சின்ன மருமகள்.

"திங்கக்கிழமை வெளிக் கம்பெனி ஆளு வர்றான். எல்லாத்தையும் அவன்கிட்ட ஒப்படைச்சிடும்மா. உனக்கும் வீட்டு வேலை இருக்கும்ல?"

அவள் கணவன் தண்ணீர் குடித்தான். அண்ணன் பேசினாலும் மனைவி பேசினாலும் அவனுக்குத் தாகம் எடுக்கும். மாமியார் மோர் ஊற்றிக்கொண்டார்.

மாடி அறைக்குத் திரும்பிய சின்ன மருமகள் அழவில்லை. நாற்காலி போவதைக்கூடத் தாங்கலாம். திருடி என்ற பெயரோடு போவதைத்தான் தாங்க முடியாது. அந்தப் பெயர் உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். யார் உள்ளே வந்தார்கள் என்று சர்வரைக் கேட்டும் பயனில்லை. எல்லோர் கையிலும் ஒரே சாவி இருக்கும்போது, வந்தவர் எல்லோரும் ஒரே ஆள்தான்.

இந்தக் கடைக்கு வந்தபின் அவள் ஒன்று கற்றிருந்தாள். சரக்கு வேண்டியவனைத் தேடிக்கொண்டு தெருவில் அலைய வேண்டாம். கடையைச் சாத்திப் பார்த்தால் போதும், யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

"சாவி பழசாயிடுச்சு, மாத்தணும்" என்று எல்லோரையும் அவரவர் கணினியை மாடிக்குக் கொடுத்தனுப்பச் சொன்னாள்.

"போகும்போது என்ன புது வித்தை?" என்றார் மூத்தவர். ஆனாலும் கொடுத்தனுப்பினார். மாமியார் மட்டும் தன் கணினியோடு தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பொருள் கைமாறும்போது கண்ணில் பட வேண்டும்.

கட்டளையைத் தட்டினாள். எங்கே வைக்க என்று கணினி கேட்டது, சொன்னாள். சாவிக்கு ஒரு ரகசியச் சொல் கேட்டது. மாமியாரிடம் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோடி பிறந்தது. அடையாளத்துக்காக ஒரு சின்னக் கட்டத்துக்குள் புள்ளியும் நட்சத்திரமும் கூட்டல் குறியுமாக ஒரு படம் வரைந்து காட்டியது கணினி.

"இது என்ன, லேஸ் டிசைனா?"

"சாவியோட கைரேகை அத்தை. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது."

"இதை லேஸா நெய்யச் சொன்னா நல்லா விக்கும்போல இருக்கே" என்றார் மாமியார்.

மற்ற மூவருக்கும் அப்படியே செய்தாள். பூட்டுப் பாதிகளை மட்டும் சர்வரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றினாள். நான்கும் திறக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மேலே இருந்த பழைய வரியை அழித்தாள். ஒரு வரி போனது, ஒரு சாவி செத்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் எல்லோரும் அவரவர் பொத்தான் படத்தைத் தொட்டார்கள்; வழக்கம்போலத் திறந்தது.

மறுநாள் காலையில் மாமியார் மாடி ஏறி வந்தார். அவருக்கு மூட்டுவலி. கணினி இல்லாமல் வெறுங்கையோடு அவர் ஏறி வருகிறார் என்றால் ஏதோ பெரிய கொள்முதல் என்று அர்த்தம்.

"வேலையா இருக்கியா?"

"உக்காருங்க அத்தை."

"சும்மாதான் வந்தேன்." உட்கார்ந்தார். மேலே பார்த்தார். "இந்த ஃபேன் என்ன இப்படிக் கத்துது? புதுசு ஒண்ணு மாட்டிக்கறதுதானே?"

போன கோடையிலிருந்து கேட்டும் கிடைக்காத ஃபேன் அது. வியாபாரி கேட்காமலேயே தள்ளுபடி கொடுத்தால், சொல்லப்போகும் விலை எப்படியிருக்கும் என்று மருமகளுக்குத் தெரிந்திருந்தது.

"மாட்டிக்கலாம் அத்தை."

"நேத்துப் போட்டியே சாவி, அதுல எனக்கு இன்னொண்ணு வேணும்."

"உங்களது திறக்கலையா?"

"திறக்குது, திறக்குது. ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான். வயசாகுது, எங்கயாவது தொலைச்சிட்டேன்னா?"

"கம்ப்யூட்டரையேவா தொலைப்பீங்க?"

"ஏம்மா, கேட்டா குடுக்கறதுக்கு என்ன குறுக்கு விசாரணை?"

"குடுக்கறேன் அத்தை. எந்த மெஷின்ல திறக்கணுமோ, அதை இங்க கொண்டாரச் சொல்லுங்க. சாவி அதுக்குள்ளயே பொறக்கட்டும். போன்ல அனுப்பற பழக்கம் இனிமே வேண்டாம்."

மாமியாரின் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று வந்தது. பாப்பா அவருடைய ஒரே மகள், கடைக்குட்டி, சின்ன மருமகளுக்கு நாத்தனார். இதே தொழில் செய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமியார் போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்ந்தபடியே அது அடித்து ஓய்ந்தது.

"பாப்பா நல்லாருக்காளா?" என்றாள் மருமகள். "ஏதாவது திறக்கலையாமா?"

"என்னமோ பர்மிஷன், அது இதுங்குது..."

"பர்மிஷன் டினைடுன்னு வருதா?"

"ஆமா, அதேதான்" என்றார் மாமியார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்குக் கேட்டது.

செத்த சாவியைப் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் அந்த வரி வரும்.

"ரெண்டு அண்ணனுக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையான்னு கேட்டா" என்றார் மாமியார். "பெத்தவ என்ன சொல்றது? பூட்டுக்குச் சாவி கொடுத்தேன். விலையைக் கொடுக்கலை."

அது பொய்யில்லை. மாப்பிள்ளை அந்தச் சாவியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா என்ற கேள்வியை மாமியார் தன் மனத்துக்குள் கொள்முதல் செய்யவே இல்லை, அவ்வளவுதான்.

"சரி, உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார், குரலை மாற்றிக்கொண்டு. "ஃபேன் என்ன, ஏசியே போட்டுத் தர்றேன். என் கல் வளையல் ஒரு ஜோடி இருக்கு..."

"வேண்டாம் அத்தை."

"திங்கக்கிழமை அந்த ஆளு வரமாட்டான். நான் பொறுப்பு."

"அது பாதி."

"மீதி என்னம்மா?"

"நான் பண்ணலைங்கறது அத்தான் காதுல விழணும். உங்க வாயால."

"பாப்பா பேரு வெளிய வரக் கூடாது."

"வர வேண்டாம். என் பேரு அதுலேர்ந்து வெளிய வந்தாப் போதும்."

"அப்ப யாருன்னு கேப்பானே!"

"அது உங்க சரக்கு அத்தை. எப்படி விக்கறதுன்னு உங்களுக்கா தெரியாது?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். கடைசிவரை விலை இறங்காத ஆட்களை அவர் பார்க்கும் பார்வை அது. அதில் கோபத்தைவிட மரியாதையே தூக்கல். "ஜிப் கம்பெனிக்காரன்கூட இவ்வளவு இறுக்கிப் பிடிச்சதில்லை" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் சாதாரணமாகச் சொன்னார்.

"பெரியவனே, அந்தச் சாவி வெளிய போனது என் கையால. இவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. யாருக்குக் கொடுத்தேன்னு கேக்காதே. கேட்டா சொல்லிடுவேன். அப்புறம் நீதான் சங்கடப்படணும்."

மூத்தவர் கை பாதியில் நின்றது. அவர் முட்டாள் இல்லை. அம்மாவிடம் எதைக் கேட்டாலும் வாங்கிவிடக்கூடிய ஆள் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். சின்னவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான்.

"சரிம்மா" என்றார் மூத்தவர். இடது கையால் போனை எடுத்து, வெளிக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"திங்கக்கிழமை வர வேண்டாங்க. நாங்களே பாத்துக்கறோம்."

"சார், விலைதான் யோசனைன்னா பேசிக்கலாம் சார்."

"அதில்லைங்க. வேண்டாம்."

"பாதிக்குப் பண்ணித் தர்றேன் சார்."

தட்டுகளில் சத்தம் நின்றது. பாதி விலை என்று ஒருவன் இறங்கியபின் அந்த அறையில் யாரும் போனை வைத்ததில்லை.

"இல்லைங்க..." என்றார் மூத்தவர். அந்த இல்லையில் முன்பிருந்த பிடிப்பு இல்லை.

"சரி சார், முதல் வருஷம் சும்மாவே பண்றோம். பிடிச்சா அப்புறம் பாத்துக்கலாம். என்ன சொல்றீங்க?"

மூத்தவரின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "அம்மா" என்றார் மெதுவாக, "சும்மாங்கறான்."

மாமியார் மென்றுகொண்டிருந்தார். நூல் கம்பெனிகள் கொடுத்த நாட்காட்டிகள் அவர் வீட்டில் அறைக்கு மூன்று தொங்கின. உடைந்த மாதிரிப் பெட்டியைக்கூட, சும்மா கிடைத்தது என்பதற்காகக் கிடங்கில் வைத்திருந்தார். சின்ன மருமகள் தலை நிமிரவில்லை. அவள் விரல்கள் மட்டும் தட்டின்மேல் அசையாமல் இருந்தன.

"சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லு" என்றார் மாமியார்.

மூத்தவர் தாயை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு விரலை இறக்கினார். சின்ன மருமகள் சாப்பிடத் தொடங்கினாள்.