நிறம் போன டிரம்

பம்மல் தோல் கம்பெனியில் சின்னப்பனுக்குப் பைக்ரோமேட் கரைக்கும் வேலை. ஆரஞ்சு நிற உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஆசிட் விட்டு, வெல்லத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பொங்கிக் கொதித்துக் கரும்பச்சையாகிவிடும். அதில்தான் தோலை ஊறவைப்பார்கள். விரலெல்லாம் ஆறாத புண். ஆனாலும் நிறம் மாறுவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

லேப் சுந்தரராமன் சார் ஒருநாள் நல்ல மூடில் இருந்தார். "குரோமியம்னு ஏன் பேர் வெச்சான் தெரியுமா சின்னப்பா? கிரேக்க பாஷையில குரோமான்னா நிறம். அது சேர்ந்த உப்பு ஒவ்வொண்ணும் ஒரு கலர். அதனால நிறத்தையே பேரா வெச்சுட்டான்" என்றார்.

சொல்லிவிட்டு அவர் காப்பிக்குப் போய்விட்டார். சின்னப்பன் அதையே பிடித்துக்கொண்டான். பேரே நிறம் என்றால், நிறம் போன இடத்தில் விரலைப் புண்ணாக்கும் அந்தச் சனியனும் இருக்காது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி ஆளுக்கொரு காலி பைக்ரோமேட் டிரம் கொடுக்கும். ஆகா, என்ன தாராளம்! எண்பத்தேழில் ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்ததால் அவனும் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாய்யா, வெசம் வெச்ச டிரம்ம வூட்டுக்குக் கொண்டாந்துகினே?" என்று கத்தினாள் மனைவி அருள்மேரி.

"கழுவிட்டா ஒண்ணுமில்லமே. நெறம் இருந்தாத்தான் அது கீதுன்னு அர்த்தம். சாரே சொல்லிகீறாரு."

சார் அப்படிச் சொல்லவே இல்லை. கழுவிய தண்ணீரில் மஞ்சள் போகும்வரை கழுவினான். அடித்தகடு மடிந்திருந்த இடத்தில் உப்பு கட்டியாக இறுகிக் கிடந்தது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், செல்வமேரி. கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அந்த டிரம்மில்தான் ஆரஞ்சு ஜூஸ் கலக்கினார்கள். மரத்துடுப்பால் அடிவரை கிளறினார்கள். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வெள்ளை கவுனோடு மகள் வந்து, "எனக்கு இன்னொரு கிளாஸ்பா" என்றாள். டிரம்மைச் சாய்த்து, மடிப்பிலிருந்து ஊறிக் கரைந்து அடியில் கிடந்ததை அவனே வழித்துக் கொடுத்தான். ஆரஞ்சில் ஆரஞ்சு எங்கே தெரியப்போகிறது!

ராத்திரியே ரத்த வாந்தி. "கெமிக்கல் எதாவது குடிச்சாளா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். சின்னப்பனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. மனைவி பக்கத்தில் நின்றாள். "இல்ல சார்" என்றான் பாவி. வாந்திபேதிக்கு வைத்தியம் நடந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெண்கள் அவளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தார்கள். விருந்து முடிந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர்கள் டிரம்மை அலசி, லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அருள்மேரி அதில் செம்பை முக்கி எடுத்தாள். தண்ணீர் பளிங்காக இருந்தது.

சின்னப்பன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"அந்தத் தண்ணி வாணாம்மே. புள்ள மேல ஊத்தாத."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அருள்மேரி செம்பைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் வாணாம்?" என்று கேட்டாள்.