பதினொன்றாம் பாடத்தில் வெட்டிய சத்தம்

12 ஆகஸ்ட் 2011, வெள்ளி. பதினொன்றாம் பாடத்தில் மாணவர் சத்தத்தை நீக்கும்போது சாரின் பேச்சும் கொஞ்சம் போய்விட்டது. சிறு தவறு. அடுத்த வாரம் சரிசெய்ய வேண்டும்.

இப்படி எழுதி டைரியை மூடிவிட்டாளே தவிர, இசைவாணிக்கு மனம் அடங்கவில்லை. கடலூரில் அந்தக் கல்லூரியின் கணினி அறையில் பகலெல்லாம் பாட வீடியோக்களைத் தொகுப்பாள். மாலையில் அதே கல்லூரியில் வேதித் தொழில் டிப்ளமோ படிப்பாள். எதையும் இரண்டு தரம் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வகுப்பு தொடங்க நேரமிருந்தது. போன பேச்சு எது என்று பார்த்துவிடலாம் என்று வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் வைத்திலிங்கம் சார் நின்றார். ஒரு கையில் அமிலக் குடுவை, மறு கையில் தண்ணீர். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"கந்தக ஆசிட்டை நீர்க்க வைக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஆசிட்டை எடுத்துக்குங்க, அதுல தண்ணிய ஊத்துங்க. அவ்ளோதான்."

திரை ஒரு கணம் துள்ளியது. "சரி, அடுத்தது" என்று சார் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

இசைவாணி சட்டென்று வீடியோவை நிறுத்தினாள்.

வருடா வருடம் சார் செய்கிற வேலை அது. வேண்டுமென்றே தப்பைச் சொல்லிவிட்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்பார். யாராவது கத்தும்வரை வாய் திறக்கமாட்டார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த ஆள் எவராவது பதறி எழுவார்: "சார், சார்! மூஞ்சியில தெறிக்கும் சார்!" வகுப்பே கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சார் சொல்வார்: "ஆங், இப்ப எழுதிக்குங்க. தண்ணியிலதான் ஆசிட்டு, கொஞ்சங் கொஞ்சமா. மாத்தி ஊத்தினா கொதிச்சிக் கண்ணுல அடிக்கும்."

இசைவாணி தன் வகுப்பில் இது நடந்தபோது கத்தவில்லை. தப்பை அழகாக எழுதி அடிக்கோடும் போட்டாள். "எழுதிட்டியாம்மா? நல்லா இரு. லேப்புக்கு மட்டும் தனியா போயிடாத" என்றார் சார். பக்கத்திலிருந்த ஜெயராணி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

வகுப்பு நடக்கும்போதே எடுத்த வீடியோ என்றாலும், அந்தக் கத்தலும் சிரிப்பும் இப்போது அதில் இல்லை. மாணவர் சத்தம் துளிகூட இருக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. காதால் கேட்டுக் கேட்டு வெட்டினால் வேலை முடியாது என்று, திரையில் ஒலி மேடு மேடாக எழும்பிய இடத்தையெல்லாம் கண்ணால் பார்த்தே வெட்டித் தள்ளியிருந்தாள். சிரிப்போடு சிரிப்பாகச் சாரின் திருத்தமும் போய்விட்டது. கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அழித்தாயிற்று. பாடமெல்லாம் பதிவானதும் ஜூனில் சாரையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். டிவிடி மட்டும் கல்லூரியின் சிதம்பரம் படிப்பு மையத்துக்குப் போயிருந்தது.

மையத்துக்கு போன் போட்டாள். பொறுப்பாளர் ஆரோக்கியராஜ் எடுத்தார்.

"சார், பதினொன்றாம் பாடத்தப் போடாதீங்க. அதுல தப்பு இருக்கு."

"போட்டாச்சேம்மா. பசங்க நோட்டுல எழுதிட்டாங்க. நாளைக்குக் காலையில பிராக்டிகல்."

"யாரு சார் கூட இருக்கப்போறா?"

"எதுக்கு ஆளு? புரொஜெக்டர் இருக்கு. நிறுத்தி நிறுத்திப் போட்டு, சார் சொல்றபடியே செய்வாங்க. அதுக்குத்தான இவ்ளோ செலவு பண்ணியிருக்காங்க?"

"ஆசிட்டுல தண்ணி ஊத்தக்கூடாது சார். சார் அதத் திருத்திச் சொன்னத வெட்டுனதே நான்தான்."

அவர் சிரித்தார். "நானே பாத்தேன்மா. சார் தன் வாயால சொல்றாரு. வாத்தியாரு சொல்றத நம்பறதா, கத்திரிக்கோல் புடிக்கிற உன்ன நம்பறதா? டைரக்டர் ஆபீஸ்லேர்ந்து மெயில் வரட்டும், நிறுத்தறேன்."

இயக்குநர் அலுவலகம் பூட்டியிருந்தது. சுதந்திர தினத்தைத் தாண்டி, செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள்.

வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். பிறகு இன்னொரு முறை. அந்தக் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கே சந்தேகம் தட்டியது. தான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறோமோ? அன்றைக்குக் கத்தாத பெண்தானே இவள்! தன்னையறியாமல் உதடு முணுமுணுத்ததை உணர்ந்து திடுக்கிட்டாள்: "ஆசிட்டை எடுத்துக்குங்க, அதுல தண்ணிய..." முகம் தெரியாத பிள்ளைகள் நாளைக் காலை அதையே முணுமுணுத்துக்கொண்டு குடுவையின் மேல் குனிவார்கள்.

குறிஞ்சிப்பாடியில் இருந்த சாரைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

"கேமராவுக்கு முன்னாடி அந்தப் பொய்யச் சொல்லியிருக்கக் கூடாது நானு," என்றார் சார். "எதிர்ல இருந்த பசங்கள மட்டும் நெனச்சிச் சொல்லிட்டேன். டிவியப் பாத்து எவன் கத்துவான்?"

"நீங்க போயிச் சொன்னா நம்புவாங்க சார்."

"என்ன உள்ள வுடமாட்டாங்கம்மா. அடையாளக் கார்டைப் புடுங்கிட்டாங்க. போன வாரம் வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்தினான். உள்ள என் பாடம் ஓடுது, எனக்குக் கேக்குது. வெளிய நிக்கிறேன்." பிறகு கேட்டார்: "உன்கிட்ட கார்டு இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா நான் சொல்லி யாரு சார் கேப்பாங்க?"

"ஏன் கேக்கமாட்டான்? அன்னிக்குக் கத்தல இல்ல, நாளைக்குக் கத்து."

மாலை வகுப்புக்கு மணி அடித்தது. பக்கத்து அறையில் யாரோ புரொஜெக்டரைப் போட்டார்கள். வைத்திலிங்கம் சாரின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. இது மூன்றாம் பாடம். யாரும் எதுவும் கேட்கவில்லை. இசைவாணி டைரியைத் திறந்து, முன்பு எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

நாளை: முதல் பஸ்ஸில் சிதம்பரம். பிள்ளைகள் வருவதற்குள் ஆய்வகத்துக்குப் போய் ஆசிட் பாட்டில்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு அதன் பிறகு.