எண் முப்பத்தேழு

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ரத்தச் சோதனைப் பட்டையில் கோடு விழுந்திருக்கிறதா இல்லையா என்று நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, இவள் ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு முறை பார்ப்பாள். "இருக்கு, மங்கலா" என்பாள். இருக்கும். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியத்தை நினைத்தால் ஆத்திரமாகத்தான் வருகிறது.

கருங்காய்ச்சலுக்குப் புதிதாக ஒரு பட்டை வந்திருந்தது. மணல் ஈ கடித்து வருகிற நோய் அது. விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு இளைக்கும், வயிற்றின் இடது பக்கம் மண்ணீரல் வீங்கும். கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். பட்டையில் ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிஷம். ஒரு கோடு வந்தால் நோயில்லை, இரண்டு வந்தால் உண்டு. பட்டை சொல்வதை நம்பலாமா என்று பார்ப்பதுதான் இவர்கள் வேலை. நோய் உறுதியானவர்கள் நூறு பேர், நோயில்லாதவர்கள் நூறு பேர். ரத்தக் குழாய்களையெல்லாம் கலந்து, டாக்டர் தன் அறையில் வைத்து எண் ஒட்டிவிட்டார். எது யாருடையது என்று பட்டையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

நோயாளிகள் நூறு பேருக்கும் எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்துக் கிருமியைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். நோயில்லாதவர்களுக்கு அப்படிச் செய்ய முடியுமா? நன்றாக இருக்கிற மனிதனைப் பிடித்து எலும்பில் குத்தினால் அவன் நம்மைக் குத்திவிடுவான். அதனால் அவர்களுக்கு ஒரு படிவம், ஐந்தே கேள்விகள். ஐந்துக்கும் "இல்லை" என்று வந்தால் நோயில்லாதவர். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

ரத்தம் சேகரித்த கடைசி வாரத்தில் நோயில்லாதவர்கள் நூற்றுக்குச் சில பேர் குறைந்தார்கள். எல்லோரும் அவரவர் வீட்டு ஆட்களின் கையை நீட்டச் சொன்னார்கள். பூதக்கண்ணாடியின் கணவன் சோபாவில் படுத்திருந்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அவன். ஒரு காலத்தில் ஏணியில் அணில் மாதிரி ஏறினவன், பத்து மாதமாக அந்த சோபாவுக்கே சொந்தக்காரன் ஆகிவிட்டான். அவன் கை நரம்பில் ஊசியைச் செருகிக்கொண்டே அவள் கேட்டாள்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"சாயங்காலம் ஆனா கொஞ்சம் கதகதன்னு..."

"அது வேலைக்குப் போகாதவங்களுக்கு வர்ற காய்ச்சல்" என்றாள். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் கொண்டாள். மீதி நாலு கேள்விகளை அவள் கேட்கவே இல்லை. அரை நிமிஷத்தில் எல்லாம் "இல்லை" ஆகிவிட்டன.

எண்களைத் திறந்து பார்க்கும் நாள் வந்தது. நோயில்லாத நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் இரண்டு கோடு காட்டினால் பட்டை தேறாது. டாக்டர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு பேர். பட்டை தோற்றுவிட்டது.

"அதுல முப்பத்தேழு யாருன்னு தெரியுமா?" என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்காரர்."

அறையே சிரித்தது. பக்கத்து மேஜை டெக்னீஷியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாமாவுக்கு இருக்கற ஒரே வியாதி சோபாதான். அதையும் இந்தப் பட்டை கண்டுபிடிச்சிருச்சா!"

அவளும் சிரித்தாள். முப்பத்தேழைப் படித்தது அவள்தான். மங்கலும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டாவது கோடு அன்றைக்குத் தடித்தே விழுந்திருந்தது. "பச்சைப் பொய் சொல்லுது டாக்டர் இது" என்றாள்.

"தோத்துப்போச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த நாலு படிவத்தையும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்று டாக்டர் கோப்பைப் பிரித்தார். முப்பத்தேழாம் படிவத்தை எடுத்துக் கேள்விகளை வாசித்தார்.

"ஆறு மாசத்துல விட்டுவிட்டுக் காய்ச்சல்? இல்லை. உடம்பு இளைச்சிருக்கா? இல்லை."

அவளுக்கு முதலில் பெல்ட்டுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் ஆணியைச் சுட்டு அதில் புதிதாக ஓட்டை போட்டவளே அவள்தான். அதற்கு முன்பும் ஒன்று போட்டிருந்தாள். சட்டைத் தோள்கள் தொளதொளவென்று தொங்கியபோது பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"வயிறு வீக்கம்? இல்லை."

அவள் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கையும் காலும் குச்சியாகப் போன ஒருவனுக்கு எங்கிருந்து தொப்பை வரும்? அதுவும் இடது பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு? படுத்துப் படுத்துத் தொப்பை போட்டிருக்கிறது என்று அக்கம்பக்கத்தாரிடம் தட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறாளே, பாவி.

"டாக்டர், நிறுத்துங்க" என்றாள். "அதை நான் எழுதினேன். அவரைக் கேக்காம நானே எழுதினேன். பத்து மாசமா அவர் படுத்தே கிடக்கார்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்ற மூன்று படிவங்களையும் மேஜைமேல் பரப்பினார். ஒன்று பக்கத்து மேஜைக்காரி தன் வீட்டு ஆளுக்காக எழுதியது. சற்று முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா பத்து மாசம்னா ரொம்ப முத்திப்போயிருக்கலாம். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ஓடுங்க."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு திறந்தே கிடந்தது. அவன் அதே சோபாவில் சுருண்டு கிடந்தான். அவளைப் பார்த்ததும் அடித்துப்பிடித்து எழுந்து உட்கார்ந்தான். அவள் வரும் சத்தம் கேட்டால் ஏதோ வேலையாக இருப்பதுபோல் எழுந்துகொள்வது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

"இப்பதான்மா படுத்தேன். சத்தியமா."

அவள் மண்டியிட்டு அவன் சட்டையைத் தூக்கினாள். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தாள். தொப்பை மெத்தென்று இருக்க வேண்டும். இது கல்லாக, தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. தினமும் ஒரே கட்டிலில் படுக்கிறவள், ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், இதன்மேல் ஒரு நாள் கை வைத்துப் பார்க்கவில்லை.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

சொன்னாள். தேம்பித் தேம்பி, ஐந்து கேள்விகளையும் நோயின் பெயரையும் அது ஆளைக் கொல்லும் என்பதையும் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் பயப்படுவான், திட்டுவான், அறைந்தாலும் அறையட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். முகத்தில் பயம் இல்லை. அவன் அப்படி நிம்மதியாகச் சிரித்து அவள் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"அப்போ நான் சோம்பேறி இல்லையாம்மா?" என்றான். "நீ சொல்லிச் சொல்லி, நானே நம்பிட்டேன்."